காயம் ஆற நாள் வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "உன் துறையைப் பத்தி பதினைந்து நிமிஷம் பேசணும்" என்றார். "உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசட்டுமா அண்ணா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "ஹாஸ்டல் மெஸ்ஸைப் பத்தி இருந்தா வேண்டாம்ப்பா, வார்டன் சாரும் வர்றார்" என்றார். (சிரிப்பு.) வார்டன் சார் பயப்பட வேண்டாம். இன்று நான் சொல்லப் போவது நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

நான் 2011-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். ஊர் மேட்டுப்பாளையம். நீலகிரியிலிருந்து கிழங்கு இறங்கும் ஊர். அப்பா அங்கே ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்குப்பிள்ளை. பள்ளி விட்டதும் மண்டிக்குப் போய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். சுமை இறக்குகிறவர் யாராவது மூட்டையைத் தொப்பென்று போட்டால் அப்பா உள்ளேயிருந்தே, "மெதுவாப் போடுப்பா, உயிருள்ள சரக்கு" என்பார். அது ஏதோ பேச்சு வழக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். அது அறிவியல் என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆனது.

கல்லூரி முடித்ததும் குளிர்பதனக் கிடங்குகள் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். வேலை பெரும்பாலும் வடக்கே. உத்தரப் பிரதேசத்தில் ஆக்ரா பக்கம் போனால் சாலையின் இருபுறமும் ஜன்னல் இல்லாத உயரமான கட்டடங்களாகத் தெரியும். எல்லாம் உருளைக்கிழங்குக் கிடங்குகள். பிப்ரவரி, மார்ச்சில் தோண்டி எடுக்கிற கிழங்கைச் சாக்கு மூட்டைகளில் கட்டி உள்ளே வைத்தால் அக்டோபர், நவம்பர் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பார்கள். நடுவில் அந்த ஊரின் மே, ஜூன் வெயிலை அது தாண்ட வேண்டும். அதற்காக அமோனியா கம்ப்ரஸர்களை ஓட்டி உள்ளே 3 டிகிரி அளவில் வைத்திருப்பார்கள்.

2016 மார்ச்சில் அப்படி ஒரு புதுக் கிடங்கை ஓட்டிக் காட்டும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. முதல் சீசன். நானே கணக்குப் போட்ட பிளான்ட். நம் தெர்மல் லேபில் சொல்லிக்கொடுத்த மாதிரி கிழங்கின் எடை, தன்வெப்பம், வெப்பநிலை வித்தியாசம் மூன்றையும் பெருக்கி, சுவர் வழியாக வரும் சூட்டைக் கூட்டி, இத்தனை டன் ரெஃப்ரிஜரேஷன் என்று முடிவு செய்திருந்தேன். முதல் டிராலி வந்த அன்றே கம்ப்ரஸரைப் போட்டேன். டிராக்டர்கள் வரிசையாக வந்து நின்றன. விலை, வண்டி வாடகை, ஆள் கூலி என்று எல்லோருக்கும் அவசரம். தோல் முற்றாத கிழங்கைக்கூடத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். அதை நேராகக் குளிரில் ஏற்றினோம். ஆறே நாளில் அறை 3 டிகிரிக்கு வந்தது. வாட்ஸாப்பில் போட்டோ எடுத்து நம் வகுப்பு குரூப்பில் போட்டேன். இங்கே சில பேர் கைதட்டல் அனுப்பினீர்கள், ஞாபகம் இருக்கலாம்.

அந்தக் கிடங்கில் ஒரு வயதான முன்ஷி இருந்தார். எங்கள் மண்டியில் அப்பா செய்த வேலையை அங்கே செய்கிறவர். இரண்டாவது நாளே என்னிடம் வந்து, "பேட்டா, இந்தக் கிழங்கெல்லாம் வயலில் குவியல் போட்டு ஆறாத கிழங்கு. பத்து நாள் விட்டு அப்புறம் குளிரை இறக்கு" என்று இந்தியில் சொன்னார். "முன்ஷிஜி, வெளியே 28 டிகிரி. சீக்கிரம் குளிர்ந்தால் சீக்கிரம் பத்திரம்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார்.

அக்டோபரில் ஒரு சர்வீஸ் வேலைக்காகத் திரும்பப் போயிருந்தேன். கிழங்கை வெளியே எடுத்துத் தரையில் பரப்பித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விவசாயியின் இருநூறு மூட்டைச் சரக்கு. அதில் பல கிழங்குகளில் தோண்டும்போது பட்ட வெட்டு இருந்த இடமெல்லாம் குழிந்து, சுருங்கி, பழுப்பாக இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே பொந்து, வெள்ளையாகப் பூஞ்சணம். அதை ஒட்டியிருந்த சில மூட்டைகள் நீர் கசிந்து நாறின. பிரித்து ஒதுக்கியதில் முப்பத்தெட்டு மூட்டை போயிற்று. அதில் பாதிக்கு மேல் அடுத்த நடவுக்காக அவர் வைத்திருந்த விதைக் கிழங்கு. அங்கே அக்டோபரில்தான் நடவு தொடங்கும். இனி அவர் சந்தை விலைக்கு விதை வாங்க வேண்டும்.

அவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நடுவில் மெஷின் நின்றுபோச்சா சாஹப்?" நான் உடனே பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினேன். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதிய வெப்பநிலை. ஒரு குறையும் இல்லை. அவர் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. "அப்போ என் கிழங்குதான் சரியில்லை போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை என்னிடமே கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது, "காயம் ஆற விட்டீங்களா?" என்பதுதான்.

நண்பர்களே, அதற்குப் பிறகுதான் நான் கிழங்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நம் கல்லூரியிலேயே பயோடெக்னாலஜி படித்த ஒரு தோழி பொறுமையாக ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பி விளக்கினார். அவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. (கைதட்டல்.) நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், உருளைக்கிழங்கு வேர் அல்ல. மண்ணுக்குள் பருத்துப்போன தண்டு. அதன் கண்கள் எல்லாம் மொட்டுகள். பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது, சூடு வெளியிடுகிறது. வெட்டினால் அந்த மூச்சு பல மடங்கு வேகமாகிறது. என் கணக்கில் தன்வெப்பம் இருந்தது, காயம் பட்ட கிழங்கின் இந்தக் கூடுதல் மூச்சுக்கு இடமே இல்லை.

வெட்டுப்பட்டதும் கிழங்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. காயத்தின் ஓரத்தில் ஏற்கெனவே இருக்கிற செல்களின் சுவர்களில் சூபரின் என்ற பொருளைப் பூசி அவசரத்துக்கு ஒரு மூடியைப் போடுகிறது. தக்கையில் இருப்பதும் இதே சூபரின்தான். அடுத்து, அந்த மூடிக்குக் கீழே செல்கள் பிரிந்து பெருகிப் புதிய தோலை உண்டாக்குகின்றன. மூடிக்கு ஏறக்குறைய ஒரு வாரம், முழுத் தோலுக்கு மேலும் சில வாரங்கள். நம் காலில் அடிபட்டால் முதலில் பொருக்கு, பிறகு தோல் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மூடியையும் ஒரே மூச்சில் பூசுவதில்லை. முதலில் ஃபீனால் வகைப் பொருள், அதன் பிறகு மெழுகு போன்ற கொழுப்பு வகைப் பொருள். லூலாய், கோர்சினி என்ற இருவர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. முதல் பூச்சு முடிந்தாலே ஈர அழுகலை உண்டாக்கும் பாக்டீரியா உள்ளே நுழைய முடியாது. ஆனால் உலர் அழுகலை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சணத்தைத் தடுக்க இரண்டாவது பூச்சு வர வேண்டும். அரைகுறையாக ஆறிய காயம் ஒரு எதிரிக்குக் கதவை மூடி இன்னொரு எதிரிக்குத் திறந்து வைத்த மாதிரி. ஆக்ராவில் அறுத்துப் பார்த்த கிழங்கில் இருந்த பூஞ்சணம் என் கண் முன்னே வந்து நின்றது.

சரி, கிழங்குக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. இன்ன இடத்தில் காயம், இன்ன வேலையை இப்போது தொடங்கு என்று யார் சொல்கிறார்கள்? ஹார்மோன்கள். இந்தக் கேள்வி எழுந்ததே உருளைக்கிழங்கில்தான் என்று சொல்லலாம். 1913-ல் ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் உருளைக்கிழங்குத் துண்டுகளை வைத்துச் சோதனை செய்தார். சாற்றுக் குழாய்த் திசு ஒட்டியிருந்த துண்டுகளில் செல்கள் பிரிந்தன. அங்கிருந்து கரைந்து வரும் ஏதோ ஒரு பொருள்தான் செல்களைப் பிரியச் சொல்கிறது என்றார். பிற்பாடு காயத்தில் உண்டாகும் பொருளுக்கு 'காய ஹார்மோன்' என்றே பெயர் வைத்தார். செல் பிரிவதைத் தூண்டும் சைட்டோகைனின் வகை ஹார்மோன்கள் அடையாளம் காணப்பட்டது 1950-களில்தான்.

காயம் பட்ட சில மணி நேரத்துக்குள் இரண்டு ஹார்மோன்கள் மளமளவென்று ஏறுகின்றன. ஒன்று ஜாஸ்மோனிக் அமிலம், மற்றது எத்திலீன். எத்திலீனை உங்களுக்குத் தெரியும், வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே வாயு. இவ்வளவு வேகமாக வருவதால் இவைதான் மூடி போடச் சொல்கின்றன என்று யாரும் நினைப்போம். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் அரசு வேளாண் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்கே மேலே சொன்ன லூலாயும், சட்டில் என்பவரும் 2004-ல் எத்திலீன் வேலை செய்ய முடியாதபடி தடுத்துப் பார்த்தார்கள். சூபரின் பூச்சு வழக்கம் போலவே நடந்தது! ஜாஸ்மோனிக் அமிலத்தைப் பற்றிய அவர்களுடைய பிற்கால ஆய்விலும் பூச்சுக்கு அது அவசியம் என்று தெரியவில்லை. சத்தம் போடுகிறவர்தான் வேலை செய்கிறார் என்று நினைப்பது ஆபீஸில் மட்டும் நடக்கிற தவறு இல்லை போலிருக்கிறது. (சிரிப்பு.) அதற்காக ஜாஸ்மோனிக் அமிலம் வீண் என்று அர்த்தமில்லை. உருளை, தக்காளி இலைகளைப் பூச்சி கடித்தால் அந்தப் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைச் செடி உண்டாக்குகிறது என்று கிரீனும் ரையனும் 1972-ல் காட்டினார்கள். அந்த எச்சரிக்கையைக் கொண்டுபோவதில் ஜாஸ்மோனிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு என்பது பிறகு தெரிந்தது.

அப்படியானால் மூடி போடச் சொல்வது யார்? அப்ஸிசிக் அமிலம். செடி தண்ணீர் இல்லாமல் வாடும்போது இலைத் துளைகளை மூடச் சொல்கிறதே, அதே ஹார்மோன். கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த கொலாட்டுக்குடி அவர்களின் குழு 1978-லேயே இதற்கு ஒரு தடயம் காட்டியது. வெட்டிய கிழங்கு வில்லைகளைத் தண்ணீரில் கழுவினால் சூபரின் பூச்சு தடைப்படுகிறது, அப்ஸிசிக் அமிலம் சேர்த்தால் தூண்டப்படுகிறது என்று கண்டார்கள். ஃபார்கோ ஆய்வகம் 2008-ல் இதை உறுதிப்படுத்தியது. ஃப்ளூரிடோன் என்ற களைக்கொல்லி, செடி அப்ஸிசிக் அமிலம் தயாரிப்பதைத் தடுக்கும். அதைக் கொடுத்தபோது இரண்டு பூச்சுகளும் குறைந்தன, காயத்தின் வழியாக நீர் அதிகமாக வெளியேறியது. வெளியிலிருந்து அப்ஸிசிக் அமிலம் கொடுத்ததும் ஆறும் சக்தி திரும்பியது.

எனக்கு இதில் உறைத்த விஷயம் கால அட்டவணை. வெட்டுப்பட்டதும் அப்ஸிசிக் அமிலம் முதல் நாள் குறைகிறது. அதற்குப் பிறகுதான் ஏறத் தொடங்கி, மூன்றாம் நாள் வாக்கில் உயரத்துக்குப் போகிறது. அது ஏற வேண்டிய அந்த நாட்களில்தான் நான் என் பெருமைக்காகக் குளிரை இறக்கிக்கொண்டிருந்தேன். 15 முதல் 20 டிகிரியில் ஒழுங்காக நடக்கும் இந்த வேலை 10 டிகிரியில் மந்தமாகிறது. 5 டிகிரிக்குக் கீழே புதிய தோல் வளர்வது ஏறக்குறைய நின்றே போகும். கிழங்கு ஆறத் தயாராக இருந்தது. நான் விடவில்லை.

மூடிக்குக் கீழே புதுத் தோல் வளரும் இரண்டாவது கட்டத்துக்கு வேறு ஹார்மோன்கள். நான் தவறு செய்த அதே 2016-ல் வெளியான இன்னொரு ஃபார்கோ ஆய்வு, காயத்துக்குப் பிறகு சைட்டோகைனினும் ஆக்ஸினும் மாறுகின்றன என்றும், முளை வளரத் தூண்டும் ஜிப்ரெல்லின் உண்டாவதில்லை என்றும் கண்டது. காயம் ஆற்றுகிற நேரத்தில் கிழங்கு முளை விடுவதைப் பற்றி யோசிப்பதில்லை.

இதில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. சிப்ஸ் கம்பெனிக்குப் போகிற கிழங்கை ரொம்பக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, பொரிக்கும்போது கறுத்துவிடும். ஆகவே 10, 12 டிகிரியில் வைத்து, முளைக்காமல் இருக்க க்ளோர்ப்ரோஃபாம் என்ற மருந்தைப் புகையாக விடுவது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் அதற்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. அந்த மருந்து செல் பிரிவதை நிறுத்தித்தான் முளையைத் தடுக்கிறது. புதுத் தோல் உண்டாகவும் செல் பிரிய வேண்டுமே! காயம் ஆறுவதற்கு முன் அந்தப் புகையை விட்டால், முளையோடு சேர்த்துத் தோலையும் தடுத்துவிடுவோம்.

இன்னொன்று. நாள்பட்ட கிழங்குக்கு ஆறும் சக்தி குறைவு. வயதான கிழங்கு காயத்தின்போது அப்ஸிசிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்வதில் பின்தங்குவது அதற்கு ஒரு காரணம் என்று 2010-ல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் கிடங்கிலிருந்து எட்டு மாதம் கழித்து எடுக்கும்போதும் மூட்டையைத் தொப்பென்று போடக் கூடாது. அப்பா மண்டியில் போட்ட சத்தத்துக்கு இதுதான் காரணம்.

முப்பத்தெட்டு மூட்டையும் என்னால்தான் போயிற்று என்று என்னால் நிரூபிக்க முடியாது. முற்றாத தோல், தோண்டும்போது பட்ட வெட்டு, வயலிலேயே ஒட்டிக்கொண்ட பூஞ்சணம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த விவசாயியின் கேள்விக்கு நான் கொடுத்த பதில் தவறு. மெஷின் நிற்கவில்லை என்று நிரூபித்து, குற்றத்தை அவர் கிழங்கின் தலையில் போட்டேன். மறு வருஷம் அவரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ, "முன்ஷி அன்றைக்கே சொன்னாரே" என்றார். அவ்வளவுதான். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இப்போது நான் போடும் ஒவ்வொரு கிடங்குத் திட்டத்திலும் முதல் பத்துப் பதினான்கு நாட்களுக்கு 15 டிகிரியை ஒட்டி வைத்திருக்க ஒரு ஏற்பாடு இருக்கும். அந்த நாட்களில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் வேண்டும், இல்லையென்றால் மூடி விழுவதற்கு முன்பே வெட்டுப்பட்ட செல்கள் காய்ந்து சாகும். அதே சமயம் கிழங்கின் மேல் தண்ணீர் படலமாக நிற்கவும் கூடாது. நின்றால் ஆக்ஸிஜன் போகாது, பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அதற்குக் காற்றோட்டம் வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு நாளுக்கு அரை டிகிரி வீதம் இறக்குகிறேன். வயலிலேயே குவியல் போட்டு ஆற வைத்த கிழங்கு என்றால் இந்த நாட்களைக் குறைத்துக்கொள்ளலாம். பெரிய கம்ப்ரஸர் போட்டால் குளிரைச் சீக்கிரம் கொண்டுவரலாம். காயம் ஆறுவதைச் சீக்கிரம் கொண்டுவர எந்த கம்ப்ரஸரும் கிடையாது.

தம்பி தங்கைகளே, ஹாஸ்டலிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே கிழங்கை மூன்றாக வெட்டுங்கள். ஒரு துண்டை ஈரத்துணி போட்ட பாத்திரத்தில், துணி கிழங்கைத் தொடாதபடி, லேசாக மூடி அறையில் வையுங்கள். இரண்டாவதை அதே மாதிரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்றாவதை ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து வெட்டின முகத்தை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். முதல் துண்டில் தோல் மாதிரி கெட்டியாக ஒரு படலம் விரலுக்குத் தட்டுப்படும். இரண்டாவதில் அது சரியாக வந்திருக்காது. மூன்றாவது சும்மா காய்ந்து சுருங்கிப் போயிருக்கும். பாத்திரத்தை மெஸ்ஸில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், என் பெயரைச் சொல்ல வேண்டாம். (சிரிப்பு.)

கடைசியாக ஒன்று. அந்த ஆக்ரா கிடங்கின் பதிவேட்டில் இப்போது வெப்பநிலைக்கு முன்னால் இரண்டு பத்திகள் கூடுதலாக இருக்கின்றன. "தோண்டிய தேதி", "ஆற விட்ட நாட்கள்". அவற்றைக் கோடு போட்டு முதலில் எழுதியவர் முன்ஷிஜிதான். பேனாவை அவர் கையில் நான்தான் கொடுத்தேன். நான் வடிவமைத்ததில் எது உருப்படியானது என்று கேட்டால் அந்த இரண்டு பத்திகளைத்தான் சொல்வேன்.